காத்தை விட்டுடு

மீன் பண்ணைக்காரர் கேட்டைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு வந்தார், கையிலிருந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கினார், அப்படியே கரடியின் தலையில் கவிழ்த்தார்.

வாளி நிறைய செத்த மீன்குஞ்சுகள். இமை முடி தடிமன்கூட இல்லாத குஞ்சுகள். ஒவ்வொன்றும் முதுகு கோணி, வாயைப் பிளந்தபடி செத்திருந்தது. தாடியில், காது மடலில், சட்டைக் காலருக்குள் எல்லாம் சில்லென்று அப்பிக்கொண்டன.

"மோந்து பாருடா! உங்க எண்ணெயத் தின்னுட்டுச் செத்த வாசன எப்படி இருக்குன்னு மோந்து பாரு!"

கரடி கையை ஓங்கவில்லை. அதுதான் அதிசயம். உடம்பெல்லாம் முடியும் கதவகல முதுகுமாக இருப்பதால் வந்த பெயர் அது. அவன் கை பட்ட இடத்தில் எலும்பு தப்பாது. அப்படி ஒருத்தன் தாடையைப் பெயர்த்துவிட்டு உள்ளே போய் வந்தவன். வெளியே வந்த பிறகு ஒரு பட்டறைக்காரனும் சேர்த்துக்கொள்ளவில்லை. அக்கா வீட்டுக்காரர்தான், "எவனும் குடுக்கலன்னா போறாங்க, நான் தர்றேன் வேல. சிலிண்டர் எல்லாம் இனி உன் பொறுப்பு" என்று சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் வைத்தார். அன்றைக்கு அக்கா தலையில் அடித்து சத்தியம் செய்தான், இனி யார் மேலும் கை வைக்க மாட்டேன் என்று. இந்த வாசலை விட்டால் அவனுக்கு வேறு வாசல் கிடையாது. அது அவனுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, வளர்ப்பது பாசி. குளத்தில் படர்கிற பாசி இல்லை. கண்ணுக்கே தெரியாத நுண்பாசி. ஆள் உயரக் கண்ணாடிக் குழாய்கள் ஷெட் முழுக்க வரிசையாக நிற்கும், உள்ளே பச்சைத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு குமிழ் குமிழாக ஏறிக்கொண்டே இருக்கும். ஷெட்டில் யாரும் அதன் முழுப்பெயரைச் சொல்வதில்லை, காத்து என்றுதான் சொல்வார்கள். பாசி அந்தக் காற்றைத் தின்று உடம்பில் எண்ணெய் சேர்க்கும். அதைப் பிரித்தெடுத்து மீன் பண்ணைக்குக் கொடுப்பார்கள். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சுகளுக்கு அந்த எண்ணெய்தான் தாய்ப்பால் மாதிரி.

"என்ன சார் சொல்றீங்க?" கரடி முகத்தைத் துடைத்தான். "இந்தத் தடவ மாதிரி எண்ணெய் எப்பவும் வந்ததில்ல. கேன் கேனா குடுத்தேனே. எப்பவும் வர்றதுல ரெண்டு பங்கு!"

அவன் பொய் சொல்லவில்லை. மாமா புது மிஷின் பார்க்க வெளியூர் போயிருந்தார், காலையில்தான் திரும்பியிருந்தார். அவர் இல்லாத நாளெல்லாம் கரடி தனியாளாக ஷெட்டை ஓட்டினான். பாசி கொழுகொழுவென்று வளர்ந்து குழாய்கள் கறுத்தே போயிருந்தன. மாமா வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார் என்று காத்திருந்தான்.

"ரெண்டு பங்கா? இந்தா, உன் ரெண்டு பங்கு!"

பண்ணைக்காரர் பையிலிருந்து ஒரு பாட்டிலை உருவி எறிந்தார். கரடியின் காதை உரசிக்கொண்டு போய் சுவரில் மோதி வெடித்தது. கண்ணாடி சிதறியது. எண்ணெய் வழியவில்லை. ஐஸ் பெட்டியில் இருந்து வந்த எண்ணெய், உறைந்த நெய் மாதிரி ஒரே கட்டியாக சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

சத்தம் கேட்டு வீட்டுப் பக்கமிருந்து ஓடி வந்த மாமா அதைப் பார்த்தார். பண்ணைக்காரரையோ கடப்பாரையோடு நின்ற இரண்டு தடியன்களையோ அவர் பார்க்கவே இல்லை. நேராக சுவரிடம் போனார். நகத்தால் ஒரு துண்டைச் சுரண்டி விரலிடுக்கில் வைத்து நசுக்கினார். முகம் வெளுத்துப் போயிற்று.

"ஐயா, ஒரு நிமிஷம்..."

"என்ன நிமிஷம்? தொட்டி தொட்டியா செத்துக் கெடக்குது, வந்து பாக்கறியா?" பண்ணைக்காரர் தலையசைத்தார். அவ்வளவுதான், தடியன்கள் ஆரம்பித்தார்கள். முதல் அடி சுவரிலிருந்த சுவிட்ச் போர்டுக்கு. பொறி பறந்தது, ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த விசிறி, பம்பு எல்லாம் முனகிக்கொண்டே நின்றன. அடுத்த அடி முன்வரிசைக் குழாய்களுக்கு. ஒன்று உடைந்து அடுத்ததில் சாய, அது அதற்கடுத்ததில் சாய, பச்சைத் தண்ணீர் முழங்கால் வரை அலையடித்து வெளியே பாய்ந்தது. மாமா குறுக்கே போனார். ஒரு தடியன் கடப்பாரையின் மொட்டை முனையால் அவர் விலாவில் குத்தினான். மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

கரடியின் கை ஓங்கப் பார்த்தது. அதைத் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

"ஒரு மணி நேரத்துல திரும்பி வருவேன்" என்றார் பண்ணைக்காரர். "என்ன கலந்தீங்கன்னு அப்ப சொல்லணும். சொல்லலன்னா ஒரு குழாய் நிக்காது, அத நட்டு வெக்க ஆளும் இருக்க மாட்டான்."

அவர்கள் போனதும் கரடி மாமாவைத் தூக்கிவிடக் கையை நீட்டினான். மாமா அந்தக் கையைத் தட்டிவிட்டார். தானே எழுந்தார். எழுந்த வேகத்தில் பளார் என்று ஒன்று விட்டார். செவிப்பறை கொய்யென்றது.

"எவ்ளோ காத்துடா குடுத்த?"

"மீட்டர் முள்ளு கடைசி வரைக்கும் போச்சு மாமா. நல்லாத்தானே..."

இன்னொரு அறை.

"நல்லாவா? ஏண்டா, நம்ம பாசிக்கு ஏன் சொட்டுச் சொட்டா காத்து குடுக்கறேன், கஞ்சப் பயலா நான்? காத்து கம்மியா இருந்தாத்தான் அது மெல்லிசு கொழுப்பு செய்யும். அதுல நெளிவு இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு படியாது, ஐஸ்ல வெச்சாலும் தண்ணியா ஓடும். மீன்குஞ்சுக்குக் கண்ணும் மூளையும் வளர்றது அந்தக் கொழுப்புலதான். காத்த அள்ளிக் கொட்டினா பாசி கொழுத்துத்தான் போகும். எண்ணெயும் ரெண்டு பங்கு வரும். ஆனா எல்லாம் கெட்டிக் கொழுப்பு! வெறகு அடுக்கின மாதிரி நேரா அடுக்கிக்கும், உறைஞ்சு போகும். குஞ்சு வயிறு முட்டத் தின்னுட்டு பட்டினியில சாகும்டா!"

"நீங்கதானே சொன்னீங்க!" கரடி கத்தினான்.

"நான் என்ன சொன்னேன்?"

"ஃபோன்ல! முள்ளு ஆடுது மாமா, என்ன பண்ணட்டும்னு கேட்டேன். விட்டுடுன்னு சொன்னீங்க!"

"ஆமா, விட்டுடுன்னுதான் சொன்னேன்!"

"நானும் விட்டுட்டேன்!"

"எங்கடா விட்ட? விட்டிருந்தா ஏன்டா இப்படி ஆகுது?"

"விட்டேன் மாமா! முழுசா விட்டேன்!"

"வாயத் தொறந்தா பொய்யி!" மாமா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து பின்னால் தள்ளினார். கரடி வழுக்கி கண்ணாடிச் சில்லு மேல் விழுந்தான். முழங்கை கிழிந்தது. மாமா அவன் மேல் ஏறி உட்கார்ந்து இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கினார். பிடுங்கினதில் பெல்ட் வளையமே கையோடு வந்துவிட்டது. "எவன்டா உனக்குக் காசு குடுத்தான்? என் தொழில அழிக்கச் சொல்லி எவன்டா குடுத்தான்? உள்ள போயிட்டு வந்த நாய வீட்டுக்குள்ள விட்டது என் தப்பு!"

அந்த ஒரு சொல்தான். முகத்தில் விழுந்த குத்துகளைக் கரடி வாங்கிக்கொண்டுதான் இருந்தான். உதடு கிழிந்து ரத்தம் தொண்டையில் இறங்கியபோதுகூட வாங்கிக்கொண்டான். நாய் என்றதும் கண் இருட்டியது. மாமாவை ஒரு கையால் தூக்கி எறிந்தான். கீழே கிடந்த பெரிய ஸ்பேனர் எப்படிக் கைக்கு வந்தது என்று அவனுக்கே தெரியாது. ஓங்கினான். மாமாவின் மண்டை நேர் கீழே இருந்தது, பின்பக்கம் சுழி தெரிந்தது.

கடைசி நொடியில் கையைத் திருப்பினான்.

திருப்பின கை பக்கத்தில் நின்ற சிலிண்டர்களின் மேல் இறங்கியது. எல்லாச் சிலிண்டரும் சேர்கிற பித்தளைக் குழாய் அந்த ஒரே அடியில் முறிந்தது. ஸ்ஸ்ஸ் என்று காது கிழிகிற சத்தம். வெள்ளைப் புகையாகக் காற்று பீய்ச்சியடித்தது.

மாமா தரையில் உட்கார்ந்தபடி அவனையே பார்த்தார். "கொல்லப் பாத்தியா?" என்றார் மெதுவாக. அந்த மெதுவான குரல் அறையைவிட வலித்தது. "சரி. நீயே வெச்சுக்க எல்லாத்தையும். நான் என் விதைய எடுத்துட்டுப் போறேன். அத மூடித் தொல!"

விதை என்பது தாய்ப்பாசி. புதுக் குழாய் போடும்போதெல்லாம் அதிலிருந்துதான் எடுத்து வளர்ப்பார்கள். அது இருப்பது ஷெட்டின் கோடியில், தரைக்குக் கீழே, படி இறங்கிப் போகிற குளுகுளு அறையில். மாமா விலாவைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி அந்தப் பக்கம் நடந்தார்.

கரடி சிலிண்டர் திருகைப் பிடித்தான். பனி பிடித்து உறைந்திருந்தது, திருக வரவில்லை. உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்தான், தோல் அங்கேயே நின்றது.

அக்கா அப்போதுதான் வந்தாள். கடைக்குப் போய் வந்த பையைக் கீழே போட்டாள். உடைந்த குழாய், பச்சை வெள்ளம், தம்பியின் வாயில் ரத்தம்.

"டேய், யாருடா இது பண்ணது?"

"பாதி பண்ணைக்காரன். மீதி நாங்க."

"எதுக்கு?"

"மாமா ஃபோன்ல காத்த விட்டுடுன்னார். விட்டேன். இப்ப அடிக்கறார்."

"விட்டேன்னா? என்ன பண்ண?"

"தொறந்து விட்டேன். வேற எப்படி விடுவாங்க?"

அக்கா இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட பாவி! அந்தாளு எதுக்கெடுத்தாலும் விட்டுடுன்னுதான்டா சொல்லுவாரு! கதவு ஆடுதுங்கன்னா, விட்டுடு. குழம்பு கொஞ்சம் ஊத்தவான்னா, விட்டுடு. தொடாதே, அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம்! முள்ளு ஆடினா ஆடட்டும், நீ கை வெக்காதேன்னு சொல்லியிருக்காரு!"

பட்டறையில் வளர்ந்த கரடிக்கு விடு என்றால் ஒரே அர்த்தம்தான். டயருக்குக் காத்து விடு. பைப்புக்குத் தண்ணி விடு. மாமாவுக்கு வேறு அர்த்தம். இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் கொல்லப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தோடு சிரிப்பு வந்தது.

"மாமாகிட்ட சொல்லணும்" என்று திரும்பியவன் அந்தச் சிரிப்போடு உறைந்தான்.

வெள்ளைப் புகை மேலே போகவில்லை. தண்ணீர் மாதிரி தரையோடு தரையாக வழிந்து, கோடியிலிருந்த படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று கனமானது, பள்ளத்தைத் தேடி ஓடும். கீழறையில் தேங்காமல் அதை இழுத்து வெளியே தள்ளத்தான் விசிறி வைத்திருந்தார்கள். விசிறி அசையவில்லை. போர்டு சுவரில் கருகித் தொங்கியது.

"மாமா!"

கண்ணாடி ஒன்று உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, நீ எறங்காத. எறங்கினா செத்த. கதவு ஜன்னல் எல்லாத்தையும் தொற!"

நெஞ்சு வெடிக்கிற அளவுக்கு மூச்சை இழுத்து அடைத்துக்கொண்டு படியில் பாய்ந்தான். இடுப்பு வரை புகை. கண்ணில் சோடாவை ஊற்றின மாதிரி எரிந்தது. மாமா அலமாரியடியில் முழங்காலிட்டிருந்தார். ஒரு விதைக்குடுவையை நெஞ்சோடு அணைத்திருந்தார். வாய் பிளந்து மூடியது, பிளந்து மூடியது. சற்று முன் தாடியில் ஒட்டிய குஞ்சுகளின் வாய் மாதிரியே இருந்தது.

பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினான்.

மாமாவுக்கு அரை மயக்கம். மிச்சமிருந்த அரை அறிவில், ஸ்பேனரோடு நின்றவன் வேலையை முடிக்க வந்துவிட்டான் என்றுதான் பட்டிருக்கும். முழங்கையால் கரடியின் விலாவில் இடித்தார். குதிகாலால் முழங்காலை உதைத்தார்.

"விடு! விடுடா!"

கரடிக்கு வாயைத் திறக்க வழியில்லை. ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மூச்சு போகும், அந்த இடத்தில் அடுத்த மூச்சு விஷம். காப்பாத்த வந்தேன் மாமா என்று கையால்தான் சொல்ல வேண்டும். கை சொல்வது கழுத்தை நெரிப்பது மாதிரி இருந்தது.

"விட்டுடு! டேய் விட்டுடு!"

அந்தச் சொல்லேதான். கரடி பிடியை இன்னும் இறுக்கினான்.

மாமா குனிந்து அவன் கையைக் கடித்தார். பல் சதைக்குள் இறங்கியது. கரடி விடவில்லை. குடுவையை ஓங்கி அவன் மண்டையில் போட்டார். உடைந்தது. பச்சைத் தண்ணீரும் ரத்தமும் கண்ணை மறைத்தன. கரடி விடவில்லை. முதல் படி. நெஞ்சு கொதித்தது. இரண்டாவது படியில் மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாகப் பிரிக்க நேரமில்லை, அந்த மணிக்கட்டின் மேல் தன் முழங்காலை இறக்கினான். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. மாமா ஊளையிட்டார். அந்த ஊளையோடு இழுத்தான். முதுகு படிகளில் தட தடவென்று இடிபட, மூட்டையை இழுப்பது போல இழுத்தான். காதுக்குள் பம்பு ஓடியது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அக்காவின் கை அவன் தலைமுடியைப் பிடித்தது தெரிந்தது. பிறகு முற்றத்து வெயில்.

மூச்சை விட்டான்.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தாள். எழுப்பவா, கோபத்திலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மாமா இருமி, வாந்தியெடுத்து, மறுபடி இருமினார். நிறம் திரும்பியது. அழுதுகொண்டே அக்கா அந்த விடு சமாசாரத்தை அவர் காதில் கத்தினாள். இரண்டு தடவை கத்தினாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அப்போதுதான் பண்ணைக்காரர் கேட்டை மறுபடி உதைத்தார், தடியன்கள் பின்தொடர. உள்ளே பார்த்து நின்றுவிட்டார். ஒருத்தன் மண்டை பிளந்து பச்சையும் சிவப்புமாக. இன்னொருத்தன் மணிக்கட்டு கோணி, வாந்தியில்.

"ஏன்யா, நாங்க வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா?"

அக்கா எழுந்தாள். கடப்பாரைக்கு எதிரே போய் நின்றாள்.

"கேளுங்க. ஒண்ணும் கலக்கல. காத்து அதிகமா போச்சு, எண்ணெய் கெட்டியாயிடுச்சு. தப்பு எங்களோடதுதான். உங்க குஞ்சு செத்தது செத்ததுதான், இல்லைன்னு சொல்லல. இன்னும் அடிக்கணும்னா அடிங்க. ஆனா அடிக்கறதுக்கு இவங்க ஒடம்புல எடம் பாத்துக்குங்க, எனக்குத் தெரியல."

ஒரு தடியன் கடப்பாரையை மெதுவாகத் தரையில் ஊன்றினான். பண்ணைக்காரர் கரடியின் தாடியைப் பார்த்தார். செத்த குஞ்சு ஒன்று இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த எண்ணெய ஐஸ்ல வெச்சுப் பாப்பேன்" என்றார். "உறைஞ்சுதுன்னா ரெண்டு பேரையும் உங்க கீழறைக் குழிக்குள்ளயே தள்ளுவேன்."

"சொல்லி அனுப்புங்க, நானும் ஒரு கை குடுக்கறேன்" என்றாள் அக்கா.

அவர்கள் போனார்கள். சிலிண்டர் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. கீழறை அலமாரியில் இன்னும் சில குடுவைகள் இருந்தன. நாளைக்கு விசிறியை ஓட்டிவிட்டுத்தான் இறங்க முடியும்.

"எத்தன தடவ விடு விடுன்னு கத்தினேன்" என்றார் மாமா, வானத்தைப் பார்த்தபடியே. "கேட்டியாடா?"

"உங்க பேச்சக் கேட்டு ஒரு தடவ விட்டேன் மாமா. அதுவே போதும்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. விலா குத்தியதால் பாதியில் நிறுத்தினார். நல்ல கையைப் பைக்குள் விட்டுத் துழாவினார். சாவிக்கொத்து வந்தது, பெல்ட் வளையம் அறுந்து தொங்க. அதைக் கரடியின் நெஞ்சில் எறிந்தார்.

கரடி தோலுரிந்த கையால் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன?"

"என்ன பண்ணணும்னு ஒழுங்கா சொல்லுங்க. இன்னொரு தடவ அடி வாங்க என்னால முடியாது."

"புது சிலிண்டர் வந்தாலும் மிச்சமிருக்கற குழாய்க்கு காத்த மூடு" என்றார் மாமா. ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "மூடு. பாசி கொஞ்சம் பட்டினி கெடக்கட்டும். அப்புறம் நான் சொல்லும்போது தொற. சொட்டா. தொற, மூடு. இந்த ரெண்டுதான். வேற வார்த்தையே கெடையாது."

"சரி மாமா."

"மொதல்ல ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்றாள் அக்கா. "அங்க டாக்டர் கேட்டா என்ன சொல்லப் போறீங்க?"

மாமா வாயைத் திறந்தார்.

"விட்டுடுன்னு மட்டும் சொன்னீங்க," அக்கா விரலை நீட்டினாள், "அந்த இன்னொரு கையையும் நானே ஒடச்சுடுவேன்."